இடைக்கால ஆணை

தபால் நிலையத்துக்கு மேல்மாடியில் எங்கள் நீதிமன்றம்.
கீழே முத்திரை குத்தும் சத்தம்
மேலே தண்டனைகளுக்குத் தாளம்.
ஆசா பிட்டிங்கரின் நியமன ஆணையும்
ஒரு ஜூலைக் காலையில் அந்தப் படிகளில்தான் ஏறி வந்தது,
கோதுமை விலைப் பட்டியலுக்கும்
யாரோ ஒருத்திக்கு வந்த
கறுப்புக்கரைக் கடிதத்துக்கும் நடுவில்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு.
செனட் விடுமுறையில் இருந்தது.
விடுமுறையில் பிறந்த நீதிபதிக்கு ஆயுள்
அடுத்த கூட்டத்தொடர் கலையும்வரை.
அதற்குள் அவர்கள் தலையசைத்தால்
சாகும்வரை.

பத்தொன்பது வருஷம் ரயில் கம்பெனியின் உப்பு.
செத்த மாட்டுக்கு எட்டு டாலர் அதிகம்,
செத்த கூலிக்கு அதுவும் அதிகம் என்று
வாதாடிப் பழகிய நாக்கு.
அவர் பெயரை முன்மொழிந்த செனட்டருக்கும்
அதே கம்பெனியின் இலவசப் பாஸ்.
டகோட்டாவின் இந்த மூலையில் அது எல்லாருக்கும் தெரியும்.
யாரும் பேசவில்லை.
நான் சுருக்கெழுத்துக்காரி.
பேசாததை எழுத எனக்குச் சம்பளமில்லை.

நாற்காலி முன்னவரின் அளவுக்குச் செய்தது.
பிட்டிங்கரின் பாதம் தரையைத் தொடாது.
பழைய சட்டத் தொகுதி ஒன்றைக்
காலுக்கடியில் வைத்துக்கொண்டார்.
எந்த வருஷத்துத் தொகுதி என்று நான் குனிந்து பார்த்ததில்லை.

அக்டோபரில் வந்தான் வாட்ஸ்லாவ் ஹ்ரூபி,
பிரேக்மேன்.
மெரில் சந்திப்பில், உறைபனியில்,
இரண்டு பெட்டிகளின் கொக்கிக்கு நடுவே
வலது கை போயிற்று.
சத்தியம் செய்ய எதைத் தூக்குவது என்று விழித்தான்.
டவாலி நீதிபதியைப் பார்த்தார்.
நீதிபதி மைக்கூட்டைப் பார்த்தார்.
"இருக்கிற கையை."

கம்பெனிக்காக எழுந்தவன் கோர்ட்லண்ட் பெய்ன்,
போன வருஷம்வரை பிட்டிங்கரின் ஜூனியர்.
"ஆபத்தை அறிந்தே வேலைக்கு வந்தவன்
அறிந்ததை ஏற்றவன் ஆகிறான்;
ஜூரி எடைபோட இங்கே ஒன்றுமில்லை..."
அவன் குரலுக்கு முன்னால் என் விரல் ஓடியது.
இந்த வாக்கியங்கள் எனக்குப் பழக்கம்.
ஐந்து வருஷம் முன்பு, இதே மேசையில்,
பிட்டிங்கர் சொல்ல நான் எழுதியவை.
ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை.

கீழே முத்திரை நாற்பது தடவை விழுந்தது.
எண்ணினேன், எழுத ஒன்றும் இல்லாததால்.

"மறுக்கப்படுகிறது. ஜூரியே கேட்கட்டும்."

பெய்ன் நின்றுகொண்டே இருந்தான், காரணம் வருமென்று.
வரவில்லை.
"எழுதியாயிற்றா, மிஸ் ஸ்கோக்லண்ட்?"
எழுதியாயிற்று.

நாலாயிரத்து இருநூறு டாலர் என்றது ஜூரி.
ஹ்ரூபியின் மனைவி தொகையைத் திரும்பச் சொல்லக் கேட்டாள்,
செக் மொழியில் ஒரு தடவை, எங்கள் மொழியில் ஒரு தடவை.

இந்த இடத்தில் நிறுத்தினால் நல்ல கதை.
ஏப்ரலில் மேல்முறையீட்டில் தீர்ப்பு உடைந்தது.
மேலே இருந்தவர்கள் எடுத்துக்காட்டிய முன்வழக்கு
வக்கீல் பிட்டிங்கர் ஜெயித்த வழக்கு.
ஹ்ரூபிக்கு ஒரு செம்புக்காசு போகவில்லை.

செனட் டிசம்பரிலேயே கூடியிருந்தது.
அவர் பெயர் குழுவின் மேசைக்குப் போய்
மேசையிலிருந்து இழுப்பறைக்குப் போனதாகச் செய்தி.
காலைதோறும் தாமே கீழே இறங்கி
"எனக்கு ஏதாவது?" என்று கேட்டு வந்தார்.
பிப்ரவரியில் கேட்பதை விட்டார்.
தபால்காரர்கள் மட்டும் அந்த நேரத்தில்
கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மே மாதக் கடைசி நாள்களில்
கள்ள நாணயம் வார்த்த தச்சன் ஒருவன் கூண்டில்.
"பதினெட்டு," என்று தொடங்கினார் நீதிபதி.
தந்திப் பையன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நுழைந்தான்.
படித்தார். மடித்தார்.
"செனட் கலைந்துவிட்டது.
இதற்கு மேல் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை."
பதினெட்டு மாதமா, வருஷமா?
தச்சன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.
என் ஏட்டில் அந்த எண்
துணையில்லாமல் இன்னும் நிற்கிறது.

கால் வைத்திருந்த தொகுதியைத் தூசி தட்டி
அலமாரியில் அதன் இடத்தில் செருகிவிட்டுப் போனார்.

மாடிக் கூடத்தில் நீதிபதிகளின் படங்கள் வரிசையாக இருக்கின்றன.
அவருக்காக அடித்த ஆணி உண்டு, படம் இல்லை.
வருஷத்தை நிறைக்காதவருக்குப் படச் செலவு ஒதுக்க விதியில்லையாம்.
ஆணி வீணாகக்கூடாது என்று யாரோ
ரயில் கம்பெனியின் காலண்டரை மாட்டினார்கள்.
முதல் தேதிகளில் தாள் கிழிப்பது என் வேலை.